பால் கொட்டிய டயர்

...மகள் வந்து இறங்கியதிலிருந்து ஒரே பதில்தான், சும்மாத்தான் வந்தேன் அத்தா என்று, சும்மா வருகிறவள் பெட்டியோடா வருவாள், செங்கல்பட்டிலிருந்து தன்னந்தனியாக வந்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் நிற்பாளா, புருஷன் ஜாசிமுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல்... மீரான் மைதீன் தன் சைக்கிள் கடை வாசலில் சக்கரத்தைத் திருப்பினார். வேலிக்காத்தான் முள், ஆணி மாதிரி டயரில் இறங்கியிருந்தது. ஆனாலும் காற்று முழுசாகப் போகவில்லை. ஏன் போகவில்லை என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும், யோசனை எங்கே இங்கே இருந்தது, பகல் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஜமாத்து பஞ்சாயத்துக்கு உட்காரப் போகிறது, கூட்டச் சொன்னவரே அவர்தான், மாப்பிள்ளை வீட்டாருக்கும் போன் போட்டாயிற்று, வேணாம் அத்தா, கூப்டாதீங்க என்று ஷாஜியா காலைப் பிடிக்காத குறை, நீ சும்மா இரு என்று அதட்டிவிட்டார். நாலு பேர் முன்னால் நிறுத்திக் கேட்டால் தெரிந்துவிட்டுப் போகிறது. கேட்கக் கூடாதா? பெற்றவனுக்கு அந்த உரிமையும் இல்லையா? காலையில் டீயை இடது கையால் நீட்டினாள், பீச்சாங்கையில குடுக்கிறியே, புகுந்த வூட்ல இதான் கத்துக் குடுத்தாங்களா என்று கத்தியதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்... சென்னையிலிருந்து கல்வெட்டுக் கோயில் பார்க்க சைக்கிளிலேயே வந்தானாம் இந்த வரதன், காவாந்தண்டலம் தாண்டி முள் ஏறியதாம், டீ குடிச்சிட்டு வரேன் பாய் என்று எதிர்க்கடைக்குப் போயிருக்கிறான். கை பாட்டுக்குத் தன் வேலையைச் செய்தது. முள்ளைப் பிடுங்கியது, லீவரை விட்டு நெம்பியது, உள்ளே விரலை விட்டால் ட்யூபே இல்லை, வெள்ளையாக, பால் மாதிரி, கொழகொழவென்று லுங்கியெல்லாம் கொட்டியது.

“ஐயோ பாய்! இன்னா பாய் பண்ணீங்க?” வரதன் டீ கிளாஸோடு ஓடிவந்தான். “இது ட்யூப்லெஸ். ஏன் கழட்டுனீங்க?”

“பஞ்சர்னா கழட்டாம, பூப்போட்டா கும்புடுவாங்க? ட்யூப் இல்லாத சைக்கிள எவன்யா கண்டான்?”

“முள்ளைப் புடுங்கிட்டு நாலு சுத்து சுத்தி வுட்டிருந்தா போதும் பாய், உள்ள ஊத்தியிருக்கிற அந்தப் பாலே போய் ஓட்டைய அடைச்சிருக்கும். கைய வெச்சுத்தான் கெடுத்தீங்க.”

கைய வெச்சுத்தான்... யாரைச் சொல்கிறான்? டயரைத்தான், டயரைத்தான். மறுபடி மாட்டி பம்பு அடித்தார், அடித்த காற்றெல்லாம் ஓரத்தில் புஸ்ஸென்று போனது, டயர் விளிம்பு ரிம்மை விட்டுவிட்டால் கைப்பம்புக்கு அடங்காது என்றான் அவன். சரி, வேறு வழியில்லை, உள்ளே ஒரு ட்யூபைப் போட்டு அனுப்ப வேண்டியதுதான். தானே அடைந்திருக்குமாம். அப்படியென்றால் ஷாஜியாவும் நாலு நாள் இருந்துவிட்டுத் தானே போயிருப்பாளோ, இவர்தான் ஊரைக் கூட்டிக் கொட்டிக் கவிழ்த்துவிட்டாரோ, வேணாம் வேணாம் என்று அழுதாளே... “ஏம்பா, ஓட்டை பெருசா இருந்தா?”

“பெருசுன்னா அடையாது பாய். ஓட்டிக்கினே இருந்தா பால் பூரா வெளிய போயிடும். அதான், எவ்ளோ பெருசுன்னு மொதல்ல பாக்கணும்.”

பாக்கணும். இவனா எனக்குச் சொல்கிறான்? இத்தனை வருஷத்தில், தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வரும் இடத்தைக் கண்ணால் பார்க்காமல் ஒரு ஒட்டு போட்டதுண்டா மீரான் மைதீன்? பள்ளிவாசலில் பாங்கு சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். செங்கல்பட்டு ஆட்கள் வந்து இறங்கியிருப்பார்கள். லுங்கியில் பால் காய்ந்து காலோடு ரப்பராய் ஒட்டியிருந்தது, உரித்தால் மயிரையும் சேர்த்து இழுத்தது. இடது கையால் ஏன் நீட்டினாள்? சின்ன வயசில் பீச்சாங்கையால் ஒரு மிட்டாய்கூட வாங்காத பிள்ளை. வலது கை அப்போது எங்கே இருந்தது? துப்பட்டாவுக்குள். நேற்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் துப்பட்டாவுக்குள்தான்... அடிபட்ட கையா, ஒரு தரம் விலக்கிப் பார்த்தேனா?

“பாய், ட்யூப் போட்டீங்களா, காத்து அடிக்கட்டுமா?” என்றான் வரதன். அவர் பம்பைப் பிடித்தபடி, பள்ளிவாசல் பக்கம் போவதா வீட்டுப் பக்கம் போவதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.