இடுப்பில் இரண்டு அங்குலம்

டயாலிசிஸ் மெஷினில் மூன்றாவது மணி நேரம் தொடங்கினால் போதும், என் வீட்டுக்காரர் அலற ஆரம்பித்துவிடுவார். கெண்டைக்கால் கல்லாக இறுகிவிடும். கால்விரல்கள் ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். அந்தக் காலை மடியில் வைத்து அழுத்திக்கொண்டே நான் திட்டுவேன். மற்ற பெண்களுக்கு அழுகை வருமாம். எனக்குத் திட்டுத்தான் வரும்.

"திருட்டுத்தனமாத் தண்ணி குடிச்சா இப்படித்தான் அக்கா," என்பார் டெக்னீஷியன், மீசையைத் தடவிக்கொண்டு. பெரிய நீதிபதி! சிறுநீரகம் போனவர் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயே தங்கிவிடும். இவருடைய அட்டையில் ஐம்பத்தெட்டு கிலோ என்று எழுதியிருக்கிறது. அதற்கு மேல் காட்டுவதெல்லாம் தண்ணீர் என்று வைத்துக்கொண்டு நாலு மணி நேரத்தில் உறிஞ்சிவிடுவார்கள். அதிகம் உறிஞ்சினால் தசை பிடித்துக்கொள்ளும்.

"நான் குடிக்கல. சத்தியமா குடிக்கல," என்பார் இவர்.

"அப்போ மேல காட்டுற நாலு கிலோ என்ன, காத்தா?" என்பேன் நான்.

சும்மா விடுகிறவளா நான்? சமையலறைக்குப் பூட்டுப் போட்டேன். அவர் குளியலறைக்குப் போனால் கதவுக்கு வெளியே நின்று குழாய்ச் சத்தத்தை ஒட்டுக் கேட்டேன். ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் தண்ணீர், அதுவும் என் கையால். இரண்டு மாதம் ஆகியும் எடை இறங்கவில்லை, அலறலும் நிற்கவில்லை. மெஷினுக்குப் போன மறுநாள் முட்டி வலி, தோள் வலி என்று சுருண்டு கிடப்பார். "நடிக்காதீங்க" என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். என் வாய் அப்படி.

போன திங்கட்கிழமை காலை, கிளம்புகிற நேரத்தில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"இனிமே நான் வரல. செத்தாலும் பரவாயில்ல, அந்த வலி வேணாம்."

மெஷினை விட்டால் சாவுதான். அது இரண்டு பேருக்கும் தெரியும். "என்ன, பயமுறுத்துறீங்களா?" என்று கத்தினேன். அவர் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

கையில் வேலை இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடிக்கும். போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பிழைப்பே அதுதான். இடுப்பு பிடிக்கிறது என்று அவர் போட்டுவைத்த பேண்ட் மேலே கிடந்தது. தையலைப் பிரித்தால், உள்ளே நானே முன்பு பிரித்துவிட்ட தடம். ஆறு மாதத்தில் இது இரண்டாவது தடவை. அப்போது ஓர் அங்குலம், இப்போது ஓர் அங்குலம்.

ஓடிப்போய் அவர் பாதத்தை விரலால் அழுத்தினேன். தண்ணீர் கோத்திருந்தால் விழுகிற குழி விழவில்லை, வீக்கமே இல்லை. அடப்பாவி மகளே! ஏறியது தண்ணீர் இல்லை, சதை. டயாலிசிஸ் தொடங்கி வாந்தி நின்ற பிறகு நான் சமைத்துப் போட்டதை வயிறாரச் சாப்பிட்டு வந்த சதை. இல்லாத தண்ணீரை அந்த மெஷின் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கிற மகராசிக்குச் சொந்தப் புருஷன் இடுப்பு கண்ணில் படவில்லை.

"எழுந்திரிங்க. இன்னைக்கு ஒரு நாள் வாங்க. அப்புறம் உங்க இஷ்டம்."

டாக்டர் மேசையில் பேண்டை விரித்தேன், பக்கத்தில் டேப்பையும் வைத்தேன்.

"ரெண்டு இன்ச் ஏறியிருக்கு டாக்டர். அந்த ஐம்பத்தெட்டை எப்ப எழுதினீங்க?"

அட்டையைப் புரட்டினார். ஏழு மாதத்துக்கு முன்னால். ஏழு மாதமாக ஒரு மகானுக்கும் அதைப் பார்க்கத் தோன்றவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு இவருடைய நெஞ்சையும் காலையும் சோதித்துவிட்டு, ஐம்பத்தெட்டை அடித்து அறுபது என்று எழுதினார். டெக்னீஷியனின் கை மீசையை விட்டு இறங்கியது.

அன்று மூன்றாவது மணி நேரம் வந்தது. காலைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். கெண்டைக்கால் மெத்தென்றே இருந்தது. நாலாவது மணி நேரம் முடிகிற சமயம் அவர் கண்ணைத் திறந்தார்.

"ரெண்டு மாசமா நான் சொன்னேன், நீ நம்பல. ஒரு பேண்ட் சொன்னதும் நம்பிட்ட."

வாயாடி என்று பேரெடுத்தவள் நான். பையிலிருந்து சமையலறைச் சாவியை எடுத்து, ஊசி குத்தாத கையில் வைத்தேன்.