தங்கச்சி என்ன சொன்னாங்க, சார்?

வாத்தியார் அன்று காலை தவறான கோப்பு ஒன்றை வகுப்பின் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டார். ஏற்றிவிட்டு நிம்மதியாகப் பல் தேய்க்கவும் போய்விட்டார். வாய் கொப்பளித்து வந்து பார்ப்பதற்குள் மூன்று பேர் அதற்குப் பதில் எழுதியிருந்தார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், ஆறு வாரமாகத் தலைகீழாக நின்றாலும் உருப்படியாகப் பதில் எழுதாத கூட்டம் அது. வேலைக்குப் போகிறவர்களுக்கான இணைய வகுப்பு, முப்பத்தொரு பேர். 'சிந்தித்து முடிவெடுத்தல்' என்று பாடத்துக்குப் பெயர். வாரம் ஒரு சம்பவத்தை வாத்தியார் விவாதப் பக்கத்தில் போடுவார். அதைப் பற்றி அவர்கள் எழுத வேண்டும். முதல் வாரம் இருபத்தெட்டுப் பேர் 'அருமையான கருத்து, உடன்படுகிறேன்' என்று எழுதினார்கள். யாருடைய கருத்தோடு என்று மேலே மேலே தேடிக்கொண்டு போனால், முதல் ஆள் எழுதியதே 'நானும் உடன்படுகிறேன்' என்றுதான்.

அதற்குப் பிறகு வாத்தியார் இரண்டு சட்டம் போட்டார். ஒன்று, 'உடன்படுகிறேன்' என்ற சொல்லுக்குத் தடை. ஒவ்வொருவரும் ஒரு கேள்வியாவது கேட்டாக வேண்டும். இரண்டு, நாற்பத்தெட்டு மணி நேரம் வாத்தியார் அந்தப் பக்கத்தில் ஒரு எழுத்துகூட எழுத மாட்டார். அவர் ஒரு வரி எழுதினால் போதும், அதையே முப்பத்தொரு பேரும் கொஞ்சம் கொஞ்சம் மாற்றி எழுதிவிட்டு அக்கடா என்று படுத்துவிடுவார்கள். இந்தச் சட்டத்தால் அவருக்கு 'நாப்பத்தெட்டு' என்று பட்டப்பெயர் விழுந்தது. தனக்குத் தெரியாது என்ற பாவனையில் அதையும் சுமந்து வந்தார்.

ஏழாம் வாரத்துக்கு அவர் எழுதி வைத்திருந்த சம்பவம், மின்சாரம் போன மருத்துவமனையில் தடுப்பூசிப் பெட்டியை என்ன செய்வது என்பது. 'ஏழு' என்று பெயரிட்டிருந்தார். போன வருஷம் தனக்காக எழுதி, யார் கண்ணிலும் படாமல் வைத்திருந்த ஒரு பக்கத்துக்கும் அவர் 'ஏழு' என்றே பெயர் வைத்திருந்தார். தெளிவாகச் சிந்திப்பதைப் பற்றிப் பதினான்கு வருஷமாகப் பாடம் நடத்துகிற மனிதர். ஏறியது இரண்டாவது 'ஏழு'.

அது இப்படி இருந்தது:

"ஒரு குடும்பம். தந்தைக்கு வயது எழுபத்தெட்டு. குடலில் அடைப்பு. அறுவைச் சிகிச்சை செய்தால் பிழைக்கப் பாதி வாய்ப்பு என்கிறார் மருத்துவர். மகள் தந்தையின் அருகில் இருக்கிறார். வெளியூரில் இருக்கும் மூத்த மகனைத் தொலைபேசியில் அழைக்கிறார். சிறிது நேரத்திற்குப் பின் தொடர்பு கிடைக்கிறது. விவரத்தைக் கேட்ட மகன், செய்யச் சொல்கிறார். ஒன்பதாம் நாள் தந்தை தீவிர சிகிச்சைப் பிரிவிலேயே இறக்கிறார். அன்று கையில் இருந்த தகவல்களை வைத்துப் பார்த்தால், மகனின் முடிவு சரியானதே."

மற்றவர்கள் துக்கத்துக்கு அழுவார்கள், குடிப்பார்கள், கோயில் குளம் என்று போவார்கள். வாத்தியாருக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். அப்பா போன பிறகு பத்துத் தடவை அதை எழுதித் திருத்தினார். கடைசி வரி மட்டும் எந்தத் தடவையும் மாறவில்லை.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அவர் மனைவி, கைப்பையில் சாவியைத் தேடிக்கொண்டே திரையை எட்டிப் பார்த்தாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

சொன்னார்.

"அவ்வளவுதானே, எடுத்துடுங்க."

"எடுத்தா அந்த மூணு பேரோட பதிலும் மார்க்கும் சேந்து போயிடும்."

"அப்ப 'தப்பாப் போட்டுட்டேன்'னு ஒரு வரி எழுதுங்க."

"நாப்பத்தெட்டு மணி நேரம் நான் எழுதக் கூடாது."

"எவன் போட்ட சட்டம் அது?"

"நான்தான்."

"சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிறதுன்னு சொல்லுவாங்க. இன்னிக்குத்தான் நேர்ல பாக்கறேன்." சிரித்துக்கொண்டே சொன்னவள் அந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் சிரிப்பை நிறுத்தினாள். பையைக் கீழே வைத்தாள். "இதை நீங்க உங்க தங்கச்சிகிட்ட இல்ல பேசியிருக்கணும்?"

"அவ எங்க பேசறா?"

உண்மைதான். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிற வேலை தங்கைக்கு. நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களிடம் 'வலிக்காது, அந்தப் பக்கம் பாருங்க' என்று பேசிப் பேசி ஊசி குத்துகிறவள். அண்ணனிடம் மட்டும் இரண்டு வருஷமாக அளந்துதான் பேசினாள். 'நல்லா இருக்கோம்ணா.' 'ஒண்ணுமில்லண்ணா.' 'வெக்கட்டுமாண்ணா?' மூன்று நிமிஷத்தில் பேச்சு முடிந்துவிடும். அப்பாவைக் கொன்றது நான்தான் என்று அவள் நினைக்கிறாள். வாத்தியார் இதை நம்பியதுபோல வேறெதையும் நம்பியதில்லை. உடன்பிறந்தவள் என்று இருப்பவள் அவள் ஒருத்திதான். அவளும் போய்விட்டால் அவரை 'அண்ணா' என்று கூப்பிட உலகத்தில் ஆளில்லை.

"யாருக்கும் தெரியாது, விடு," என்றார் மனைவியிடம். "பேரு கிடையாது, ஊரு கிடையாது."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் முகத்தில் எவ்வளவு நிம்மதி இருக்குமோ அவ்வளவு அவர் முகத்திலும் இருந்தது.

மதியத்துக்குள் பதினேழு பதில். வாத்தியார் ஆறு வாரம் வேண்டிக்கொண்டதெல்லாம் ஒரே நாளில் நடந்தது, அவர் தலையிலேயே நடந்தது.

முதலில் ஆம்புலன்ஸ் டிரைவர் எழுதினார்: "'சிறிது நேரத்திற்குப் பின்' என்றால் எவ்வளவு நேரம்? எங்க வேலையில அப்படி எழுதினா மெமோ கொடுப்பாங்க. அஞ்சு நிமிஷமா, ஒரு மணி நேரமா? எழுதினவர் மத்ததுக்கெல்லாம் நம்பர் போட்டிருக்கார். வயசு, நாள், பாதி வாய்ப்பு. இதுக்கு மட்டும் ஏன் போடல?"

ஐம்பது நிமிஷம். வாத்தியாருக்குத் தெரியும். அன்று அவர் ஒரு அலுவலகத்தில் முடிவெடுக்கும் திறன் குறித்துப் பயிற்சி நடத்திக்கொண்டிருந்தார், போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டு. எழுதக் கை துடித்தது. கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக் எழுதினார்: "கடைசி வரியைப் பாருங்க. ஒரு லிஃப்ட் விழுந்தா அதுக்கு அறிக்கை எழுதற ஆள் அதை மாட்டின கம்பெனிக்காரனா இருக்கக் கூடாது. இதை எழுதினவர் மகனுக்குச் சொந்தக்காரர். இல்லன்னா மகனேதான்." அதன் கீழே ஒன்பது பேர் கைதட்டும் பொம்மை போட்டிருந்தார்கள்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். வாத்தியாருக்குக் காதிலிருந்து கழுத்துவரை குறுகுறுத்தது.

தையல்கடை அம்மா எப்போதும் ஒற்றை வரிதான் எழுதுவார். ஆறு வாரமும் அதற்காகவே மதிப்பெண் குறைத்திருந்தார் வாத்தியார். அன்றும் ஒற்றை வரிதான்: "டாக்டர் பேசறார், மகன் பேசறார், தங்கச்சி என்ன சொன்னாங்க, சார்?"

வாத்தியார் தன் ஒரு பக்கத்தை எடுத்து மறுபடி படித்தார். அழைக்கிறார் என்று இருந்தது. அருகில் இருக்கிறார் என்று இருந்தது. ஒன்பது நாளும் அப்பா பக்கத்தில் இருந்தவளுக்கு அந்தப் பக்கத்தில் ஒரு சொல்கூட இல்லை. பத்துத் தடவை திருத்தியவர் கண்ணுக்கு அது படவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு நேரடி வகுப்பு. நாற்பத்தெட்டு மணி நேரம் அப்போது முடிந்திருந்தது. திரையில் கட்டம் கட்டமாக முகங்கள் வந்தன. டிரைவர் வண்டியின் முன்சீட்டில் இருந்தார். தையல்கடை அம்மாவின் கட்டத்தில் பாதி அவர், பாதி தொங்குகிற ரவிக்கைகள்.

"சார், இப்ப உங்க வாய்ப்பூட்டு திறந்தாச்சு," என்றார் மெக்கானிக். "சொல்லுங்க, எழுதினது மகன்தானே?"

வாத்தியார் இரண்டு பதில்கள் தயாரித்து வைத்திருந்தார். 'நல்ல கேள்வி, மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?' என்பது முதலாவது. அது வாத்தியார்கள் தப்பித்து ஓடும் பின்வாசல். இரண்டாவது, சம்பவம் கற்பனை என்பது. இரண்டுமே தொண்டைவரை வந்தன.

"மகன்தான்," என்றார். "நான்தான் அது. கோப்பு மாறிடுச்சு. அம்பது நிமிஷம், டிரைவர் சார். போன் சைலண்ட்ல இருந்தது."

 யார் வீட்டிலோ மிக்சி ஓடி நின்றது.

"ஐயோ சார்," என்றார் மெக்கானிக். "நான் லிஃப்ட்டு கிப்ட்டுன்னு என்னென்னவோ உளறிட்டேன். மன்னிச்சுக்கங்க."

"உளறல. இந்த ஏழு வாரத்துல எழுதினதுலயே ஒழுங்கானது அதுதான். மார்க் போட்டாச்சு."

யாரோ சிரித்தார்கள். சிரித்தது தப்போ என்று உடனே நிறுத்தினார்கள்.

தையல்கடை அம்மா மைக்கைத் திறந்தார். "தங்கச்சி இருக்காங்களா, சார்?"

"இருக்கா."

"அப்ப நாங்க முப்பத்தொரு பேரும் ரெண்டு நாளா எதுக்கு மண்டையைப் போட்டு உடைச்சுக்கிட்டோம்? அவங்களையே கேட்டா முடிஞ்சுது."

"கேக்கணும்மா. எம்மேல கோவமான்னு கேக்க வாய் வரல, ரெண்டு வருஷமா."

"அதைக் கேக்காதீங்க," என்றார் டிரைவர். வண்டிக்குள்ளிருந்து அவர் குரல் கொஞ்சம் எதிரொலித்தது. "கோவமான்னு கேட்டா யாராயிருந்தாலும் இல்லன்னுதான் சொல்லுவாங்க. பதிலையும் சேத்துக் கையில குடுத்துட்டுக் கேக்கற கேள்வி அது. நீங்கதானே மூணாவது வாரம் சொன்னீங்க? எனக்கு ஒரு சந்தேகம், சார். நான் வாரத்துக்கு நாலு பேரை இந்த மாதிரி ஏத்திட்டுப் போறேன். அடைப்புன்னா வலி உயிர் போகும், ஆனா நினைவு நல்லா இருக்கும். பேசுவாங்க. உங்க பக்கத்துல அப்பா படுத்துட்டு மட்டும் இருக்கார். அவர் ஏதாவது சொன்னாரான்னு கேளுங்க."

வாத்தியாருக்கு உட்கார்ந்திருந்த நாற்காலி ஒரு அங்குலம் கீழே இறங்கியதுபோல இருந்தது. தங்கையை விட்டது ஒரு பக்கம். அப்பாவையே விட்டிருக்கிறார். யாருடைய வயிற்றைப் பற்றிய முடிவோ அந்த மனிதரை.

வகுப்பை ஏழு நிமிஷம் முன்னதாக முடித்தார். யாரும் 'நன்றி சார்' என்று எழுதவில்லை. டிரைவர் மட்டும் கையை உயர்த்திக் காட்டிவிட்டு மறைந்தார்.

தங்கைக்குப் போன் போட்டார். இரண்டாவது மணி அடிக்கும்போதே எடுத்தாள்.

"சொல்லுண்ணா. நல்லா இருக்கோம்."

"நான் இன்னும் எதுவும் கேக்கலையே."

"எப்பவும் அதைத்தானே கேப்ப?"

கோப்பு மாறிய கதையைச் சொன்னார். மெக்கானிக் எழுதியதைச் சொன்னபோது அவள் சிரித்தாள். இரண்டு வருஷத்துக்குப் பிறகு கேட்கிற சிரிப்பு. அதோடு நிறுத்திக்கொண்டு போனை வைத்துவிடலாமா என்று வாத்தியாருக்கு ஆசை வந்தது. பயந்தாங்கொள்ளி மனிதர்.

"அந்தத் தையல்காரம்மாவை எனக்குப் பிடிச்சிருக்கு," என்றாள் தங்கை.

"அதுல நீ பேசவே இல்லையாம். நான் உன்னைப் பேச விடல." வாத்தியார் எழுந்து ஜன்னலிடம் போனார். எதிர் மாடியில் ஒருத்தர் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். "அன்னிக்கு, நீ எனக்குப் போன் பண்றதுக்கு முன்னாடி, அப்பா ஏதாவது சொன்னாரா?"

 பின்னால் ஏதோ குழாய் ஓடும் சத்தம் கேட்டது, அது நின்றது. அவள் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்துவது கேட்டது. 'ஒண்ணுமில்லண்ணா' வரப்போகிறது என்று வாத்தியார் காத்திருந்தார். வந்தால் 'சரிம்மா' என்று வைத்துவிடவும் தயாராக இருந்தார்.

"நீ இதைக் கேட்டுடுவியோன்னு பயந்துதான் நான் உங்கிட்ட பேச்சையே குறைச்சுக்கிட்டேன்," என்றாள்.

"கேட்டுட்டேனே."

"உம்மேல கோவம்னு நினைச்சியா?"

"ம்."

"மடையா." அண்ணனை அவள் அப்படிக் கூப்பிட்டு முப்பது வருஷம் இருக்கும். மூக்கை உறிஞ்சினாள். அப்புறம் அவள் குரல், ஊசி போடும்போது வருகிற குரல்போல, நிதானமாக ஒரே நேராக வந்தது.

"வேண்டாம்னு சொன்னாருண்ணா. எங்கையைப் பிடிச்சுக்கிட்டுத் தெளிவா சொன்னாரு, 'போதும்மா, வெட்ட வேண்டாம், வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ'ன்னு. நான்தான் உங்கிட்ட சொல்லல. சொன்னா நீ அப்பா பேச்சைக் கேட்டு விட்டுடுவன்னு எனக்குத் தெரியும். எனக்கு விட மனசு வரல. அதான் டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லி, உன்னை 'செய்'னு சொல்ல வெச்சேன்."