ஓரங்கட்டிய இடம்

கயிறு இறுகியதும் கார் ஒரு முறை குலுங்கி, முள்செடியை உரசிக்கொண்டு தார்ச்சாலைக்கு ஏறியது. கோகுல்ராஜ் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான். சாவியை ஒரு பல்லுக்கு மட்டும் திருப்பியிருந்தான். ஸ்டியரிங் பூட்டு விடுபட அது போதும். அதற்கு மேல் அவன் திருப்பவில்லை.

முன்னால் போன டிராக்டரைப் பக்கத்து நிலத்துக்காரன் சிவக்குமார் ஓட்டினான். அதன் மட்கார்டின் மேல் மாமனார் செங்கேணி உட்கார்ந்திருந்தார், முதுகைச் சாலைக்கும் முகத்தைக் காருக்கும் காட்டி. முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். இருவருக்கும் நடுவே பன்னிரண்டு அடி கயிறு. அவர் காரின் முன் கண்ணாடி வழியாக இவனைப் பார்த்துக்கொண்டே வந்தார். இவன் கயிற்றைப் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சசிரேகா இறந்தாள். இருபத்தாறு வயது. திங்கட்கிழமை எரித்தார்கள். இன்று காலை பால் தெளித்தார்கள். சாம்பலுக்குக் குனிந்தபோது மடியில் இருந்த கார் சாவி கோகுல்ராஜின் வயிற்றில் குத்தியது. இரண்டு நாளாக அதை அவன் யாரிடமும் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து, தலை முழுகி, கொல்லையில் வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்தபோது சசிரேகாவின் பெரியம்மா ஜெயம்மாள் யாரிடமோ சொன்னாள்.

“சின்ன வயசு. கொயந்த குட்டியும் இல்ல. வருசம் திரும்பட்டும், பாக்கலாம்.”

அவன் வேட்டியை இன்னொரு முறை பிழிந்தான். தண்ணீர் வரவில்லை.

செங்கேணி பின்னாலேயே வந்து நின்றார். “வண்டி எங்க கீது மாப்ள?”

“அங்கியேதான் மாமா. ஏரிக்கரை வளைவுல.”

“வா. இஸ்துகினு வந்து பாஷாகிட்ட காட்டலாம்.”

ஜெயம்மாள் ஓடி வந்தாள். “தீட்டு கழியல, அதுக்குள்ள மாமனாரும் மருமவனும் காருக்குக் கெளம்பிட்டீங்களா? நல்லாக் கீது. காரியம் முடியட்டும்யா.”

“எனக்கு இன்னிக்கே தெரியணும் அண்ணி.”

“தெரிஞ்சா? போனவ எந்திரிச்சி வந்துடுவாளா?”

“அதுல இன்னா பூட்ச்சுன்னு தெரியணும். நான் வாங்கிக் குடுத்த வண்டி அது.”

கல்யாணத்துக்கு அவர் கொடுத்த கார் அது. பத்து வருடம் யாரோ ஓட்டியது. காஞ்சிபுரத்தில் ஒரு புரோக்கரிடம் பார்த்து, தானே ஓட்டிப் பார்த்து, “எருமை மாதிரி இழுக்கும்” என்று சொல்லி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். இரண்டு நாளாக, வந்தவர் போனவர் எல்லோரிடமும் ஒன்றையே சொல்லிக்கொண்டிருந்தார். “நான் குடுத்த டப்பாதான் என் பொண்ண கொன்னுச்சு.”

கோகுல்ராஜ் மறுக்கவில்லை. ‘வண்டி ஆஃப் ஆயிடுச்சு, எடுக்கவே இல்ல’ என்று, அன்று அவளை ஏற்றிப்போக வந்த ஆட்டோக்காரன் வரதனிடம் ஏறும்போது ஒரு முறை சொன்னான். அதற்குப் பிறகு அவன் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. மற்றவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

நடந்தது வேறு. சசிரேகாவுக்குச் சிறு வயதிலிருந்தே வீசிங். அன்று இன்ஹேலரை எத்தனை முறை அழுத்தியும் மூச்சு இறங்கவில்லை. காரில் ஏற்றிக்கொண்டு உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். ஏரிக்கரை வளைவு தாண்டியதும் போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. இன்ஜின் படம் போட்ட விளக்கு. வண்டியின் இழுவை குறையவில்லை. சத்தம் மாறவில்லை. அவன் ஓரங்கட்டினான். இன்ஜினை அணைத்தான். பானட்டைத் திறந்து ஆயில் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தான். ரேடியேட்டரில் தண்ணீர் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

உள்ளே சசிரேகா டேஷ்போர்டை உள்ளங்கையால் தட்டினாள். ‘போ’ என்று உதடு மட்டும் அசைந்தது.

அவன் ஜன்னலில் குனிந்து அவளுக்கு விளக்கிச் சொன்னான். “இப்ப ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயி நின்னுடும் சசி. ஆம்புலன்சுக்கு முன்னாடி வரதன் வந்துடுவான். போன் பண்ணிட்டேன்.”

மெக்கானிக்கல் படித்தவன் சொன்னான். அவள் தட்டுவதை நிறுத்தினாள்.

வரதன் அப்போது மாகறலில் சவாரி இறக்கிக்கொண்டிருந்தான். அவன் வந்து சேர முப்பத்தைந்து நிமிடம் ஆனது. ஆட்டோ உத்திரமேரூருக்குள் நுழையும்போது சசிரேகாவின் தலை கோகுல்ராஜின் தோளில் கனத்தது.

போன வருடம் ஒரு தடவை கோகுல்ராஜ், சூடு காட்டும் சிவப்பு விளக்கைக் கவனிக்காமல் பழையசீவரம் வரை ஓட்டி, இன்ஜினைப் பாதி தீய்த்துவிட்டிருந்தான். அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள். பந்தியில் வைத்தே செங்கேணி கேட்டார்: “இன்ஜினீயரு படிச்சிக்கினு லைட்டு எரியறது கண்ணுக்குத் தெரியலியா மாப்ள? இனிமே அந்த போர்டுல மின்மினிப் பூச்சி மின்னினாகூட ஓரங்கட்டு. அப்பால யோசி.” இலை முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த சசிரேகாவும் சிரித்தாள்.

டிராக்டர் பெருநகர் எல்லைக்கு வந்தது. இன்ஜின் ஓடாததால் பிரேக் கல்லாக இருந்தது. முழுக் காலையும் வைத்து மிதிக்க வேண்டியிருந்தது. இன்ஜினுக்குள் ஏதாவது உடைந்திருக்க வேண்டும் என்று கோகுல்ராஜ் நினைத்தான். பிஸ்டன் உடைந்திருக்கட்டும். பெல்ட் அறுந்திருக்கட்டும். அன்று இன்னும் நூறு அடி ஓட்டியிருந்தாலும் நின்றுபோயிருக்கும் என்று யாராவது சொல்லட்டும். கோயிலைத் தாண்டும்போது கை கூப்பாமல் அதையே வேண்டிக்கொண்டான்.

மெக்கானிக் மஹபூப் பாஷாவின் ஷெட் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் இருந்தது. பாஷா கையைத் துடைத்துக்கொண்டு வந்து செங்கேணியின் இரண்டு கைகளையும் பிடித்தான்.

“பாரு பாஷா” என்றார் செங்கேணி. “இன்னா பூட்ச்சுன்னு சொல்லு. எனக்காக ஒண்ணும் மறைக்காத.”

“பாக்கறேன் டிரைவரே. நீ போய் ஒக்காரு.”

“வா மாமா, டீ ஒண்ணு அடி. காலைலேர்ந்து பச்சத்தண்ணி குடிக்கல நீ” என்று சிவக்குமார் அவரைச் சாலைக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். அங்கிருந்தும் அவர் ஷெட்டைப் பார்த்தே நின்றார்.

பாஷா தீப்பெட்டி அளவில் ஒரு கருவியை எடுத்து ஸ்டியரிங்குக்குக் கீழே சொருகினான். செல்போனைக் கையில் வைத்துக்கொண்டான்.

“சாவிய ரெண்டாவது பாயின்ட்டுக்குப் போடு தம்பி. ஸ்டார்ட் பண்ணாத.”

கோகுல்ராஜ் திருப்பினான். போர்டில் எல்லா விளக்குகளும் எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. மஞ்சள் அணையவில்லை.

“இதுவா? இந்த லைட்டு எரியாத வண்டி இந்தப் பக்கம் எங்க கீது? போன வாரம் ஒர்த்தரு இதும்மேல கறுப்பு டேப்ப ஒட்டிக்கினு வந்தாரு. கண்ண உறுத்துதாம். ரெண்டு வருசமா அப்டியே ஓட்றாரு. நான் பிரிச்சா, ‘உனக்கு இன்னாடா பேஜாரு, ஒட்டுடா’ன்றாரு...”

பேச்சு பாதியில் நின்றது. அவன் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன காட்டுது?” என்றான் கோகுல்ராஜ்.

“ஒரே ஒரு கோடு. பி ஜீரோ ஒன் ஃபோர் ஒன்.”

“அப்படின்னா?”

“சைலன்சர் பைப்ல ரெண்டு சென்சார் கீது. பின்னாடி சென்சாரு. அதுக்குள்ள சூடு பண்ற கம்பி ஒண்ணு. அது கட்டாயிருக்கும். இல்ல, எலி ஒயர கடிச்சிருக்கும்.”

“அதனால?”

“அதனால ஒண்ணுமில்ல. போற பொகைய மோந்து பாக்கற சென்சாருபா அது.”

“இன்ஜின் நிக்காதா?”

“எதுக்கு நிக்கும்? திருப்பதி போய்ட்டு வரலாம். லைட்டு மினுக்கு மினுக்குன்னு மினுக்கினாத்தான் நிறுத்தணும். இது சும்மா எரியற லைட்டு.” பாஷா விரலால் திரையைத் தள்ளினான். “இந்தா, லைட்டு எரிஞ்ச நேரத்துல வண்டி எப்டி இருந்துச்சுன்னு இதுல பதிஞ்சிருக்கும். ஸ்பீடு அறுபத்து நாலு. சூடு தொண்ணூறு. எல்லாம் கரெக்டா கீது. லைட்டு எரிஞ்சப்புறம் ஓடின தூரம்...”

அவன் வாய்க்குள் படித்தான். பிறகு தலையைத் தூக்கிக் கோகுல்ராஜைப் பார்த்தான்.

திரையில் பூஜ்யம் இருந்தது.

“திரும்ப ஸ்டார்ட் பண்ணிப் பாத்தியா தம்பி?” பாஷாவின் குரல் இறங்கியிருந்தது.

கோகுல்ராஜ் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பண்ணலியா?”

சாலைக்கு அந்தப் பக்கம் செங்கேணி டீ கிளாஸைக் கீழே வைத்தார். பாஷா கருவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“டிரைவரு வர்றாரு. பெட்ரோல் பம்பு பூட்ச்சுன்னு சொல்லிடறேன். வண்டி இங்கியே கெடக்கட்டும். நீ வாயத் தொறக்காத.”

கோகுல்ராஜ் திறக்கவில்லை. சாவியைத் திருப்பி அணைத்தான். அதை உருவிக்கொள்ளத் தோன்றவில்லை. கீழே இறங்கி நின்றான்.

“இன்னா பாஷா?”

“பம்பு, டிரைவரே. பெட்ரோல் பம்பு ஒரேயடியா போயிருக்கு. இதுல யாரு இன்னா பண்ண முடியும்? பழைய வண்டி.”

“பழைய வண்டி” என்றார் செங்கேணி. “அப்ப நான்தான்.”

அவர் காரைச் சுற்றி ஒரு முறை நடந்தார். பிறகு டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து, பக்கத்து சீட்டின் மேல் கையை வைத்தார். சசிரேகா உட்கார்ந்திருந்த சீட். தலையைக் குனிந்து வெகுநேரம் அப்படியே இருந்தார். கடைசியில், சீட்டில் உட்கார்ந்தால் கை எங்கே போகுமோ அங்கே கை போனது. சாவியைத் திருப்பினார்.

பின் சீட்டுக்கு அடியிலிருந்து ‘ஙொய்’ என்று மெல்லிய சத்தம் வந்து இரண்டு நொடியில் அடங்கியது.

செங்கேணி நிமிர்ந்தார். சாவியை அணைத்து மறுபடி திருப்பினார். மறுபடி அதே சத்தம்.

“பம்பு ஓடுதே பாஷா.”

பாஷா தரையில் கிடந்த ஸ்பேனரை எடுக்கக் குனிந்தான்.

செங்கேணி சாவியைக் கடைசி வரை திருப்பினார். இன்ஜின் அரைச் சுற்றில் பிடித்துக்கொண்டது.

“அட, எடுத்துக்கிச்சே!” என்று கத்தினான் சிவக்குமார். சந்தோஷமாகத்தான் கத்தினான். மற்ற மூவரின் முகத்தையும் பார்த்த பிறகு, கயிற்றை அவிழ்க்கப் போனான்.

இன்ஜின் சீராக ஓடியது. ஒரு இருமல் இல்லை. செங்கேணி காதைச் சாய்த்து அதைக் கேட்டார். மஞ்சள் விளக்கைப் பார்த்தார். பாஷாவின் குனிந்த முதுகைப் பார்த்தார். மருமகனை மட்டும் பார்க்கவில்லை.

“ஏறு” என்றார்.

கார் ஷெட்டிலிருந்து இறங்கி, வீட்டுக்குத் திரும்பும் தெருவைத் தாண்டி, உத்திரமேரூர் சாலையில் நேராகப் போனது. எங்கே போகிறோம் என்று கோகுல்ராஜ் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் நாற்று நட்ட வயல். சீட் பெல்ட் போடாததற்குக் கார் கொஞ்ச நேரம் கூவிவிட்டு நிறுத்திக்கொண்டது.

“இந்த லைட்டுக்கா நிறுத்தின?”

“ம்.”

ஒரு லாரியை முந்தினார். எதிரே வந்த பஸ்காரன் இவரை அடையாளம் கண்டு கை தூக்கினான். இவர் தூக்கவில்லை.

“நான் சொன்னேன்னா?”

கோகுல்ராஜ் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். ஓரங்கட்டியபோது நினைவில் இருந்தது இவர் சொன்னதா, பந்தியில் கேட்ட சிரிப்பா, இல்லை வெறும் பயமா என்று அவனுக்கே தெரியாது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். அறுபத்து மூன்று வயது மனிதர். நேற்று மகளுக்கு வாய்க்கரிசி போட்டவர்.

“ஆமா மாமா” என்றான்.

செங்கேணி தலையை ஒரு முறை அசைத்தார். கண்டக்டரின் விசிலுக்கு அசைப்பதுபோல அசைத்துவிட்டு, கியரை மாற்றினார்.

ஏரிக்கரை வளைவு வந்தது. ஒடிந்த முள்செடி, சக்கரம் பதிந்த மண், ஆயில் துடைத்துப் போட்ட துணி. செங்கேணி வளைவுக்கு ஹாரன் அடித்தார். வேகத்தைக் குறைக்கவில்லை. போர்டில் மணி பதினொன்று நாற்பத்திரண்டு.

அதன் பிறகு அவர் ஓட்டிய மாதிரி யாரும் ஓட்டிக் கோகுல்ராஜ் வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆடுகள் சிதறின. காரை மண்ணில் இறக்கி மினி பஸ்ஸை முந்தினார். கைகாட்டியில் நின்றிருந்த டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரன் கெட்ட வார்த்தையில் திட்டினான். கார் எதற்கும் சிணுங்கவில்லை. எருமை மாதிரி இழுத்தது. மஞ்சள் விளக்கு அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஊருக்குள் நுழைந்ததும் அவர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைத்தெருவில் ஆட்கள் தாமாக ஒதுங்கி வழி விட்டார்கள். ஒரு கிழவர் காரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்பி, படிக்கட்டுக்கு நேராக நிறுத்தினார். பதினொன்று ஐம்பத்து மூன்று.

கார் வந்த வேகத்தைப் பார்த்து, நீலப் புடவை கட்டிய ஊழியர் ஒருத்தி உள்ளே குரல் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் பிரிஸ்கில்லா என்றிருந்தது. பின்கதவைத் திறந்தாள். சீட்டைப் பார்த்தாள். குனிந்து கீழேயும் பார்த்தாள்.

“பேஷன்ட் எங்கங்க?”

செங்கேணியின் இரண்டு கைகளும் ஸ்டியரிங்கின் மேல் இருந்தன. கோகுல்ராஜ் முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த பூச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சார், பேஷன்ட் எங்க?”

இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின்னால் நுழைந்த ஆட்டோ, வழி விடச் சொல்லி ஹாரன் அடித்தது. அவள் ஒரு கையால் ஸ்ட்ரெச்சரையும் ஒரு கையால் திறந்த கதவையும் பிடித்துக்கொண்டு நின்றாள்.