ஏற்றத்துக்கு மட்டும்

வேனின் நசுங்கிய முன்பக்கத்தைத் தட்டி நிமிர்த்தி, பெயிண்டும் அடித்தாயிற்று. மெக்கானிக் இப்போது எஞ்சினைப் பிரித்து, புது பிஸ்டன்களைக் கழற்றிக்கொண்டிருந்தார். பழைய நான்கும் பக்கத்தில் துணிமேல் கிடந்தன.

மருமகள் வந்து நின்றாள். கணவன் விட்டுப்போன தண்ணீர் கேன் வியாபாரத்தை அடுத்த வாரம் முதல் அவளே பார்க்கப்போகிறாள்.

“பழசையா போடுறீங்க மாமா?”

“ம்.”

“மேட்டுல பாதியிலயே மூச்சு வாங்குமே.”

“வாங்கட்டும்.”

அந்த மேட்டைத் தாண்டி இறங்கினால்தான் குடியிருப்பு. போன வருடம் மகன் நச்சரித்த நச்சரிப்பில், பிஸ்டன்களையும் கேம் ஷாஃப்டையும் மாற்றி, குறைந்த வேகத்திலேயே எஞ்சின் பலமாக இழுக்கும்படி செய்துகொடுத்தார். முதல் நாள் மேட்டின் உச்சியிலிருந்து போன் வந்தது. “அப்பா, இது வேன் இல்ல, வெள்ளாடு! மேட்டைப் பாத்தாலே தாவுது!” பட்டறைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

முன்பு நாற்பது கேனுக்கு மேல் ஏற்றினால் வேன் ஏறாது. மேடே சுமையை அளந்து கொடுத்தது. இழுவை கூடியதும் மகன் எழுபது ஏற்றினான். ஒருநாள் அந்தப் பக்கத்து இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிக்கவில்லை. வளைவில் சுவர் இருந்தது.

“அளவு தெரியாம ஏத்திட்டாருன்னுதான் எல்லாரும் சொல்றாங்க” என்றாள்.

“நானும் வாயை மூடிக்கிட்டுக் கேட்டுட்டு இருந்தேன்மா.” அவர் கை நின்றது. “ஏறுறதை மட்டும்தான் பாத்தேன். பிரேக்கைத் தொடவே இல்ல. முப்பது வருஷமா இந்த வேலை செய்யறேன். இறங்கும்போது எது பிடிக்கும்னு தோணலையே.”

அவள் டயர்மேல் உட்கார்ந்தாள்.

“அவருக்குத் தெரியும் மாமா. மிதிச்சா அமுங்கிப் போகுதுன்னு ரெண்டு வாரமா சொன்னாரு. உங்ககிட்ட சொல்லுங்கன்னேன். ‘அப்பா இப்பதான் பெருமையா சொல்லிட்டுத் திரியறாரு, முகம் வாடிடும். கொஞ்ச நாள் போகட்டும்’னாரு. நானும் விட்டுட்டேன்.”

அவர் பழைய பிஸ்டன்களைத் துணியில் சுருட்டி ஓரமாக வைத்தார்.

“பெரிய பிரேக்கா போட்டுத் தரேன். ஆனா நாப்பதுக்கு மேல ஒண்ணுகூட ஏத்தக்கூடாது.”

“ஏத்த மாட்டேன் மாமா.”

நான்கு நாளில் எல்லாம் பூட்டியாயிற்று. பிரேக் குழாயில் நின்ற காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் மேலே பெடலை மிதிக்க, ஒருவர் கீழே படுத்துத் திருகைத் திறந்து மூட. எப்போதும் மிதிப்பது மகன்தான். வேண்டுமென்றே தாமதித்து, “தூங்கிட்டியாடா?” என்று திட்டு வாங்குவான்.

மருமகள் ஏறி உட்கார்ந்தாள்.

“மிதிம்மா.”

மிதித்தாள்.

“விடு.”

விட்டாள்.

“மிதி.”

பெடல் இந்த முறை அமுங்கவில்லை. காற்றெல்லாம் போய்க் கல்லாக நின்றது. அடுத்த சொல்லுக்காகக் காத்திருந்தாள். கீழிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் வந்தது. பக்கக் கண்ணாடியில் அவருடைய கால்கள் மட்டும் தெரிந்தன.

அவள் காலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.