கட்டிப்போட்ட கைகள்

கம்பெனி பஸ் வருவதற்குள் சோறு வடித்து, குழம்பு தாளித்து, வீட்டையும் பெருக்கிவிட்டு இன்பம் வேலைக்குக் கிளம்ப வேண்டும். அன்று அவசர அவசரமாகக் கட்டிலுக்கடியில் விளக்குமாற்றை விட்டு இழுத்தபோது, தூசியோடு கருப்பாக ஓர் உருண்டை வந்தது. எலி செத்துக் கிடக்கிறதோ என்று பின்வாங்கினாள். குனிந்து பார்த்தால், முடி. நீள நீளமான முடி. ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளையாக வேர் இருந்தது.

கட்டிலில் மகள் ஃபீபி போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தாள். பத்தாம் வகுப்பு படிக்கும் பெண். இன்பம் அவளை எழுப்பி உட்கார வைத்து, கட்டியிருந்த முடியைப் பிரித்தாள். உச்சியில் உள்ளங்கை அகலத்துக்கு வெறும் தோல். அதைச் சுற்றி அங்கங்கே குட்டை முடிகள் முள்ளாக நின்றன.

"இன்னாடி இது? யாருடி பிச்சது?"

"நான்தாம்மா."

"எதுக்குடி?"

ஃபீபி கைகளை மடியில் ஒளித்துக்கொண்டாள். "தெரியலம்மா. கை தானா மேல போவுது. பிச்சா கொஞ்ச நேரம் நிம்மதியா இருக்கு. அப்புறம் அழுகையா வருது."

நிம்மதி என்ற சொல்தான் இன்பத்துக்குத் தாங்கவில்லை. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் நாளெல்லாம் மிஷினில் குனிந்து தைத்துவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்புகிறவள் அவள். நமக்கில்லாத நிம்மதி இவளுக்கு முடியைப் பிய்த்தால் கிடைக்கிறதாமே! விளக்குமாற்றைத் திருப்பிப் பிடித்து அடிக் கட்டையால் அந்த விரல்களின் மேல் ஓங்கி அடித்தாள். தெருமுனையில் பஸ் ஹார்ன் கேட்கும்வரை அடித்தாள்.

அதிலிருந்து அடி தினசரி வேலையாகிவிட்டது. படிக்கும்போது கை தலைக்குப் போனால் முதுகில் ஒன்று. டி.வி. பார்க்கும்போது போனால் கரண்டிக் காம்பால் முட்டியில் ஒன்று. ஒருநாள் மிளகாயை அரைத்து மகளின் நகக்கண்களில் அப்பிவிட்டாள். அந்தக் கையோடு தெரியாமல் கண்ணைத் தேய்த்த ஃபீபி, இரவு முழுக்கத் துடித்தாள். அப்போதும் இன்பத்துக்கு இரக்கம் வரவில்லை. திமிர் இறங்கட்டும் என்றுதான் நினைத்தாள். முடி மட்டும் உதிர்ந்துகொண்டே இருந்தது. முன்பு கட்டிலுக்கடியில் கிடந்தது, இப்போது புத்தகப் பைக்குள்ளும் தலையணை உறைக்குள்ளும் ஒளிந்தது.

கணவன் தேவானந்தத்திடம் இதை மறைத்தே வைத்திருந்தாள். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிற மனிதன். சபையில் கமிட்டி மெம்பர், மரியாதை என்றால் உயிர். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், பாடகர் குழுவில் நின்ற ஃபீபியின் முக்காடு மின்விசிறிக் காற்றில் நழுவி விழுந்தது. பாட்டு பாதியில் தடுமாறியது. பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த தேவானந்தம் தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியவுடன் பெல்ட்டைக் கழற்றினான்.

"சபை நடுவுல என் மானத்த வாங்கிட்டியேடி!"

முதல் அடி தோளில் விழுந்தது. அடுத்தது முதுகில். ஃபீபி மூலையில் சுருண்டு உட்கார்ந்து, அடி விழ விழத் தலையைத்தான் இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டாள். அந்தக் கைகளைப் பார்த்ததும் அவனுக்கு வெறி கூடியது. சவரக் கத்தியை எடுத்து வந்தான்.

"முடி இருந்தாதானே பிச்சிப்ப? இன்பம், இவ கையப் பிடி."

இன்பம் பிடித்தாள். மகளின் இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்துத் தன் முழங்காலுக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டாள். தண்ணீர்கூடத் தடவாமல் அவன் மழித்தான். காதுக்கு மேலே ரத்தம் கோடாக இறங்கியது. "வேணாம்பா... வேணாம்பா..." என்று தொடங்கிய குரல், கடைசியில் வெறும் மூச்சாகிப் போனது.

ஒரு வாரம் வீடு அமைதியாக இருந்தது. முடிந்தது பீடை என்று இருவரும் நினைத்தார்கள். பிறகு ஒரு காலையில் ஃபீபி சாப்பிட வந்து உட்கார்ந்தபோது இன்பத்தின் கையிலிருந்த தட்டு நழுவியது. மகளின் முகத்தில் புருவம் இல்லை. இமை முடிகளும் பாதிக்கு மேல் இல்லை. இமையோரம் சிவந்து, வீங்கி, முகமே வேறு யாருடையதோ போல இருந்தது.

அன்று சனிக்கிழமை. கம்பெனியில் ஓவர்டைம். தேவானந்தம் முன்பே ஷாப்புக்குப் போய்விட்டான். வீட்டில் மகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. இன்பம் துப்பட்டாவை முறுக்கி மகளின் கைகளை ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினாள்.

"அம்மா, இறுக்குதும்மா. நான் பிச்சிக்க மாட்டேம்மா. சத்தியமா."

"இதையேதான் தெனம் சொல்ற. சாயந்தரம் வந்து அவுக்குறேன்."

பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார வைத்தாள். வெளியே பூட்டினாள்.

மாலையில் அவள் திரும்பியபோது வாசலில் கூட்டம். கதவில் பூட்டு நசுங்கித் தொங்கியது. பக்கத்தில் அம்மிக் குழவி கிடந்தது. உள்ளே, பக்கத்து வீட்டு அக்தர் பானுவின் மடியில் ஃபீபி கிடந்தாள். கைகளை உருவப் போராடியதில் ஸ்டூல் சாய்ந்து, உடம்பின் எடை முழுவதும் கட்டிய கைகளில் விழுந்திருக்கிறது. வலது மணிக்கட்டு வீங்கி ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. துப்பட்டா இறங்கிய இடத்தில் சதை கிழிந்திருந்தது. அலறல் கேட்டுக் குழவியால் பூட்டை உடைத்தவள் பானுதான். இன்பத்தோடு ஒரே லைனில் தைக்கிறவள். அன்று ஓவர்டைமுக்குப் போகவில்லை.

மகளைப் பார்த்தும் இன்பத்தின் வாயில் முதலில் வந்தது, "மறுபடியும் பிச்சிக்கிட்டாளா?"

பானு ஃபீபியை மெல்லக் கீழே கிடத்திவிட்டு எழுந்து வந்து பளாரென்று அவள் கன்னத்தில் அறைந்தாள். இன்பம் சுவரில் போய் மோதினாள்.

"புள்ள கை ஒடிஞ்சி கெடக்குது, நீ முடியக் கேக்குறியா? இன்னா பொம்பளடி நீ?"

கூட்டத்தை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள் பானு. பிறகு, இத்தனை வருடப் பழக்கத்தில் இன்பம் ஒருமுறைகூடப் பார்க்காத விதமாக, தலையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். வலது காதுக்கு மேலே பெரிய சொட்டை. உச்சியில் இன்னொன்று.

"பாத்துக்க. எனக்குச் சின்ன வயசுல ஆரம்பிச்சது. இப்ப மருமவ வந்துட்டா, இன்னும் வுடல. என்னிக்காவது லைன்ல வேலைய வுட்டுருக்கேனா? நான் பைத்தியமா?"

"அக்கா..."

பானு புறங்கையை நீட்டினாள். பழைய தீக்காயத் தழும்பு தோலைச் சுருக்கிப் பிடித்திருந்தது. "இது எங்கம்மா வச்சது. பழுக்கக் காய்ச்சின கரண்டி. முடி போச்சு, வந்துச்சு, திரும்பப் போச்சு. இந்தத் தழும்பு மட்டும் போவல. எங்கம்மா மௌத்தான அன்னிக்கு எல்லாரும் அழுதாங்க. எனக்கு ஒரு சொட்டுத் தண்ணி வரல இன்பம். உனக்கும் அதுதான் வேணுமா?"

இன்பம் மகளைப் பார்த்தாள். ஃபீபி தன்னைப் பார்க்காமல் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டதைப் பார்த்தாள். அப்போதுதான் அவள் சுவரைவிட்டு நகர்ந்து போய் மகளின் காலடியில் உட்கார்ந்தாள்.

அந்த நேரம் பார்த்து தேவானந்தம் உள்ளே வந்தான். தெருவில் யார் யாரோ கேட்ட கேள்விகள் அவன் முகத்தில் கொதித்தன. "ஊரையே கூட்டிட்டியாடி?" என்று பெல்ட்டை உருவிக்கொண்டு மகளை நோக்கிப் போனான். இன்பம் குறுக்கே விழுந்தாள். பக்கிள் அவள் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் கண்ணுக்குள் இறங்க இறங்க, அவள் பெல்ட்டின் நுனியைப் பிடித்துக் கையில் சுற்றிக்கொண்டு இழுத்தாள். கல்யாணமான நாள் முதல் 'நீங்க' என்று மட்டுமே பேசியவள், அன்று கத்தினாள்.

"வுடு! நீ அடிச்ச, நான் புடிச்சிக்கினேன். ரெண்டு பேரும் சேந்துதான் இந்தக் கைய ஒடிச்சோம். இன்னொரு அடி அவ மேல விழுந்தா நானே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். நான் செஞ்சதையும் சேத்தே சொல்லுவேன்."

பெல்ட் அவன் கையிலிருந்து நழுவியது. பானு அதற்குள் ஆட்டோவைக் கூப்பிட்டுவிட்டாள்.

வேலூர் ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டர் கட்டுப்போட்டார். புருவமில்லாத முகத்தையும் முதுகிலிருந்த பெல்ட் தடங்களையும் பார்த்துவிட்டு, மனநலப் பிரிவுக்கு எழுதி அனுப்பினார். அங்கே இருந்த டாக்டரம்மா ஃபீபியிடம் தனியாக நெடுநேரம் பேசினார். பிறகு இன்பத்தைக் கூப்பிட்டார்.

"இதுக்கு டிரைக்கோடில்லோமேனியான்னு பேரு. முடியப் பிடுங்கியே ஆகணும்னு மனசு உந்துற நோய். திமிரும் இல்ல, கெட்ட பழக்கமும் இல்ல. இவங்களே நிறுத்தணும்னு நினைச்சாலும் முடியாது. பயமும் அவமானமும் ஜாஸ்தியானா இதுவும் ஜாஸ்தியாகும்."

"அப்போ நாங்க அடிச்சதெல்லாம்...?"

"நோய வளத்தீங்கம்மா," என்றார் டாக்டரம்மா. குரலில் கோபமில்லை. அதுதான் இன்பத்துக்கு அதிகமாக வலித்தது.

அதன்பிறகு மாதக்கணக்கில் வேலூருக்குப் பஸ் ஏறினார்கள். எந்த நேரத்தில் கை மேலே போகிறது என்று கவனிக்கவும், போகும்போதே முஷ்டியை மடக்கி இறுக்கவும், மனம் தவிக்கும்போது எழுந்து நடக்கவும் ஃபீபி பழகினாள். பானு கம்பெனிக் கழிவிலிருந்து பூப்போல மென்மையான ஆட்டுத்தோல் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். படிக்கும்போது ஃபீபி அதை விரல்களில் உருட்டிக்கொண்டிருப்பாள். முதல் சில மாதங்கள் அவள் அம்மாவிடம் பேசவேயில்லை. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வாள். இன்பம் கையைச் சட்டென்று தூக்கினாலே உடம்பைக் குறுக்கிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் இன்பம் அடுப்படிக்குள் போய் நின்றுகொள்வாள். டாக்டர் இரண்டு முறை ஆளனுப்பிய பிறகுதான் தேவானந்தம் வந்தான். வந்தவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புருவம் வளர்ந்தது. தலையில் காதுவரை முடி இறங்கியது. பொதுத்தேர்வு நெருங்கிய ஒரு மாலையில், இன்பம் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தபோது ஃபீபி வந்து எதிரே நின்றாள். மூடிய கையைத் திறந்தாள். உள்ளங்கையில் ஒரு கொத்து முடி.

"அம்மா, இன்னிக்கு கணக்கு போடறப்ப பிச்சிட்டேம்மா. நிறுத்த முடியல."

கூடத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த தேவானந்தம் சடாரென்று எழுந்தான். "இவ்ளோ செஞ்சும் மறுபடியுமா?" அவன் கை இடுப்புப் பக்கம் போனது. ஃபீபியின் தோள்கள் தாமாகக் குறுகின.

இன்பம் எழுந்து மகளின் தோளில் கை வைத்தாள்.  அந்தத் தோள் விலகவில்லை.

"உக்காருங்க," என்றாள் கணவனிடம். "நாம அடிச்சப்ப இவ கட்டிலுக்கடியில ஒளிச்சா. இன்னிக்கு அவளே கொண்ணாந்து காட்டுறா. இதுதான் வைத்தியம் வேல செய்யுதுன்னு அர்த்தம். நோய அடிச்சுத் துரத்த முடியாதுங்க. அடிச்சா, நோய் உள்ள போய் ஒளிஞ்சிக்கும், புள்ளதான் நம்மள வுட்டுப் போயிடும். பயமில்லாம வந்து சொல்ற வீட்லதான் எந்த நோயும் கொறையும்."

தேவானந்தம் இடுப்பிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெல்ல உட்கார்ந்தான்.

"எந்தக் கணக்குமா?" என்று மகளிடம் கேட்டான். "இங்க கொண்டா. எனக்குத் தெரியாது. ஆனா நீ போடுற வரைக்கும் பக்கத்துல உக்காந்திருக்கேன்."