முதல் எதிரியின் வயது

ஏழு வருடங்களுக்கு முன் ஸ்நேகாவுக்கு இருபத்திரண்டு வயது. இன்று இருபத்தொன்று. முதலாவதைச் சொன்னது குற்றப்பத்திரிகை. இரண்டாவதைச் சொன்னது அவள் வேலைக்குக் கொடுத்திருந்த விண்ணப்பம். இரண்டு தாள்களையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பிடிபடவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி ஆள் எடுத்தால், அவர் மீது வழக்கு இருக்கிறதா என்று தேடிச் சொல்வது என் வேலை. நீதிமன்ற இணையதளத்தில் பெயரையும் வருடத்தையும் கொடுத்தால் வழக்குகள் வரும். நிலுவையில் இருப்பவை தனி, முடிந்தவை தனி. இரண்டையும் பார்க்க வேண்டும். குற்ற வழக்கு, சொத்து வழக்கு என்று அதிலும் பிரிவு உண்டு. ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டால் ஒரு மனிதரையே தவறவிட்டுவிடலாம் என்பதால் பொறுமையாகப் போக வேண்டும். ஆனால் அங்கே பிறந்த தேதி இருக்காது. பெயர் கிடைத்ததும் நீதிமன்றத்துக்கே போய், அப்பா பெயர், முகவரி, வயது மூன்றையும் காகிதத்தில் ஒத்துப் பார்க்க வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள். ஒவ்வொருவராகக் கழித்துக்கொண்டே வந்தால் நம் ஆள் தனியாக நிற்பார்.

ஸ்நேகா தனியாகத்தான் நின்றாள். அப்பா பெயர் சரி. எளாவூர்ப் பக்கத்துக் காலனி, தெரு, கதவு எண்ணும் சரி. 2018 பிப்ரவரி 20, சாலை மறியல். குற்றம் சாட்டப்பட்டவரை நீதிமன்றக் காகிதத்தில் எதிரி என்று எழுதுவார்கள்; இருபத்து மூன்று எதிரிகளில் அவள்தான் முதல் எதிரி. விண்ணப்பத்தில் உள்ள பிறந்த தேதிப்படி அன்று அவளுக்குப் பதின்மூன்று வயது.

குற்றப்பத்திரிகையை எடுத்துத் தந்த வக்கீல் குமாஸ்தா பூவராகவன் சிரித்தார்.

"இன்னாபா, இன்னும் அதையே பாத்துக்கினு குந்திகீற? சிவப்பு போட்டு அனுப்பு. வா, நாஷ்டா துன்னலாம்."

"வயசு ஒதைக்குதுண்ணே."

"அந்த வயச வச்சிக்கினு நீ இன்னா, ஜாதகமா பாக்கப் போற?"

எங்கள் அறிக்கையில் வழக்கு இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு. சிவப்பு போனால் கம்பெனி காரணம் கேட்காது. அடுத்த பெயருக்குப் போய்விடும். ஸ்நேகா திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அறிக்கை அதற்கு முன், அந்த வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் போக வேண்டும். சிவப்பு போடுமுன் சம்பந்தப்பட்டவரிடம் ஒரு முறை விளக்கம் கேட்க எங்களுக்கு அனுமதி உண்டு. வழக்கமாகப் போனில் கேட்பேன். அன்று வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

வீட்டில் ஸ்நேகாவும் அவள் அம்மா கெங்கம்மாளும் இருந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பெண் எழுந்து நின்றுவிட்டாள்.

"கேஸா? என் மேலயா? சார், அன்னைக்கு நான் எட்டாவது படிச்சிக்கினு இருந்தேன். ஸ்கூல்ல இருந்தேன் சார்."

"மறியல்னு ஒண்ணு நடந்ததா?"

"நடந்துச்சு," என்றார் கெங்கம்மாள். "இரும்பு உருக்குற கம்பெனிப் புகையால புள்ளைங்க ராவெல்லாம் இருமிச்சுங்க. மேலத்தெரு ஆம்பளைங்க ரோட்டுல குந்துனாங்க. நான் அன்னைக்கு நாத்து நடப் போயிருந்தேன்."

"இரண்டாவது எதிரி நீங்கதாம்மா."

"நானா?" அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "ஒரு போலீசும் இந்த ஊட்டு வாசப்படி மெறிச்சதில்லயே."

அதுவும் காகிதத்தில் இருந்தது. ஏழு வருடமாக வழக்கு நகரவில்லை. எல்லாருடைய சம்மனும் 'ஆள் இல்லை' என்று திரும்பியிருந்தது. நான் வரிசையாகப் பெயர்களை வாசித்தேன். எட்டாவது பெயரில் கெங்கம்மாள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இரு தம்பி. சின்னதுரையா? எங்க சின்னதுரை மாமனா? அவரு பொங்கலுக்கு மறுநாளே செத்துட்டாரு. மறியல் மாசி மாசம். செத்தவரு எப்டி ரோட்டுல வந்து குந்துவாரு?"

நான் அடுத்த பெயரை வாசிக்க வாயெடுத்தேன். அப்போது ஸ்நேகா மெதுவாகச் சொன்னாள்.

"ஒன்பது அன்புராஜ் அண்ணன். பத்து ஜோதிலட்சுமி அக்கா. பதினொண்ணு பூவம்மா."

காகிதம் என் கையில் இருந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மூன்றும் சரியாக இருந்தன.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"இது கேஸ் இல்ல சார். இது எங்க மனு."

கெங்கம்மாள் ரேஷன் அட்டை வைத்திருந்த பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு நகலை எடுத்து வந்தார். 2017 டிசம்பர் 18, திங்கட்கிழமை, கலெக்டர் ஆபீஸ் முத்திரை. புகையை நிறுத்தச் சொல்லிக் காலனிக்காரர்கள் கொடுத்த மனு. எழுத்து அழகாக இருக்கும் என்று எட்டாம் வகுப்புப் பெண்ணை எழுத வைத்திருக்கிறார்கள். எழுதியவள் முதலில் கையெழுத்துப் போட்டு, வீடு வீடாகப் போய் மற்றவர்களிடம் வாங்கியிருக்கிறாள். ஒவ்வொரு கையெழுத்துக்குப் பக்கத்திலும் அப்பா பெயர் அல்லது கணவர் பெயர், கதவு எண். வயது மட்டும் எங்கும் இல்லை.

இரண்டையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருபத்து மூன்று பெயர்; அதே வரிசை. இப்படித்தான் நடந்திருக்க வேண்டும். திங்கட்கிழமை கொடுக்கும் மனு கலெக்டரிடமிருந்து தாலுகாவுக்கு வரும், அங்கிருந்து விசாரணைக்காகக் காவல் நிலையத்துக்கும் ஒரு பிரதி போகும். மறியல் நடந்த அன்று உட்கார்ந்தவர்கள் யார் என்று விசாரிக்க அங்கே யாருக்கோ நேரமில்லை. கையில் தயாராக ஒரு பட்டியல் இருந்தது. இல்லாத வயதுகளை இட்டு நிரப்பியிருக்கிறார்கள். முதல் பெயருக்கு இருபத்திரண்டு விழுந்தது. புகாரில் கையெழுத்துப் போட்டவர்களே குற்றவாளிகள்.

பன்னிரண்டு வருடமாக இந்த வேலையைச் செய்கிறேன். இதைப் போன்ற நீளப் பட்டியல்களிலிருந்து எத்தனை பேருக்குச் சிவப்பு போட்டேன் என்று எண்ணிப் பார்க்க அப்போது எனக்குத் தைரியம் வரவில்லை.

"நான் எழுதாமலே இருந்திருக்கலாம்மா," என்றாள் ஸ்நேகா.

"வாய மூடுடி," என்றார் கெங்கம்மாள். "சார், இதுக்கு இப்ப இன்னா பண்றது?"

பூவராகவனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். "செத்தவனையுமா?" என்றார். பிறகு அவருடைய வக்கீலைக் கேட்டு வழியைச் சொன்னார். அதை அப்படியே எழுதுகிறேன். வேறு யாருக்காவது பயன்படலாம்.

சம்பவ நாளில் பதினெட்டு வயது நிறையாதவரைச் சாதாரண நடுவர் நீதிமன்றம் விசாரிக்க முடியாது. வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் இதைச் சொல்லி மனு போடலாம். வயதுக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ் போதும். அதைப் பார்த்து நடுவர் அவள் பெயரைப் பிரித்து, சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்துக்கு அனுப்ப வேண்டும். மற்றவர்களுக்காகச் சின்னதுரையின் இறப்புச் சான்றிதழையும் முத்திரை உள்ள மனு நகலையும் சேர்த்து, வழக்கை ரத்து செய்யச் சொல்லி உயர்நீதிமன்றத்தில் கேட்கலாம். சிறு வயதில் நேர்ந்த வழக்கைக் காட்டி ஒருவருக்கு வேலையை மறுக்கக்கூடாது என்பது சட்டம். ஆகவே நாலரை மணிக்கு அறிக்கையில் வழக்கு எண்ணை மறைக்காமல் எழுதினேன், 'சம்பவ நாளில் வயது பதின்மூன்று' என்று அதன் கீழே எழுதினேன், மதிப்பெண் சான்றிதழை இணைத்தேன், பச்சை போட்டு அனுப்பினேன்.