டெங்கிலா, பிஜேயா?

எங்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒரு தேர்தல் நடக்கும். பள்ளி விடுமுறைக்கு எந்த வாட்டர் பார்க் போவது என்ற தேர்தல். கிள்ளானில் நான்கே பேர் இருக்கும் வீட்டுக்கு அவ்வளவு கூச்சல் அதிகம்தான். ஆனால் மகள் ஷாமினிக்குப் பதினைந்து வயது, மகன் கிஷனுக்குப் பதினொன்று. இரண்டும் எதையாவது விட்டுக்கொடுத்ததாகச் சரித்திரமே இல்லை.

எனக்கு அந்தத் தேர்தலில் அக்கறை கிடையாது. எங்கே போனாலும் என் இடம் ஒன்றுதான், பைகளுக்குப் பக்கத்து நாற்காலி. காரணம், என் தாலி.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நானும் என் வீட்டுக்காரர் பரமேஸ்வரனும் ஒரு பெரிய சறுக்கின் உச்சிவரை ஏறினோம். குழந்தை ஷாமினியைக் கீழே என் நாத்தனார் மாரியாயி வைத்திருந்தார். மேலே போய்க் கீழே எட்டிப் பார்த்ததும் எனக்கு அப்படியே திரும்பி ஓடிவிடலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து அங்கிருந்த லைஃப்கார்ட் என் கழுத்தைக் காட்டி, சங்கிலி போட்டுக்கொண்டு சறுக்கக் கூடாது, கழற்ற வேண்டும் என்று மலாயில் சொன்னார். அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும். "தாலியக் கழட்ட மாட்டேன்" என்று நிமிர்ந்து சொல்லிவிட்டு விறுவிறுவென்று படியிறங்கி வந்துவிட்டேன்.

மாரியாயி அக்காவுக்குப் பெருமை தாங்கவில்லை. சொந்தத்தில் ஒரு வீடு பாக்கியில்லாமல் சொல்லித் தீர்த்தார். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போனால், முன்பின் தெரியாத ஓர் ஆன்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீதானாம்மா அந்தப் பொண்ணு?" என்கிறார். இல்லை என்று சொல்ல எனக்கு என்ன பைத்தியமா? ஆமாம் என்று தலையாட்டினேன். அதிலிருந்து வருஷா வருஷம் தாலியோடு நாற்காலியில் உட்கார்ந்து, வறுத்த மீகூன் சேமியா சாப்பிட்டு, நிம்மதியாகத் திரும்பி வந்தேன்.

இந்த வருஷம் கிஷன், பிஜே என்று நாங்கள் சொல்லும் பெட்டாலிங் ஜெயா பக்கம் இருக்கும் பெரிய பார்க்குக்குத்தான் போக வேண்டும் என்று ஜனவரியிலிருந்தே பாட்டுப் பாடிக்கொண்டிருந்தான். ஷாமினி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தால், சோபாவில் வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"ம்மா, டெங்கில் பக்கம் புதுசா ஒண்ணு தொறந்திருக்காங்க. நான் போன் பண்ணி கேட்டுட்டேன். கழுத்துவரைக்கும் ஸிப் வச்ச ஸ்விம்சூட் போட்டா, செயின் உள்ளுக்குள்ள இருக்கலாமாம். போலே, தாராளமா போடலாம்னு சொல்லிட்டாங்க."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான்லா! இந்த வருஷம் நீங்களும் ஸ்லைட்ல வரீங்க."

நான் கிஷனைப் பார்த்தேன். அவனாவது காப்பாற்றுவான் என்று நினைத்தேன்.

"நான் பிஜேய விட்டுட்டேன்மா. பாவம், நீங்க ஒரு தடவகூட போனதில்ல," என்றான் அந்தப் பயல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்பினால் பாதி, பயத்தினால் பாதி. டெங்கில் தூரம் என்றேன். பிஜேயைவிடக் கொஞ்சம்தான் கூட என்றார்கள். அந்த மாதிரி உடுப்பை உங்கள் அத்தை ஒத்துக்கொள்ள மாட்டார் என்றேன். அத்தைதான் வாங்கித் தருவதாகச் சொல்லி என் அளவு கேட்டிருக்கிறாராம். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டார்கள்.

பரமேஸ்வரன் கைப்பேசியில் நான்கு டிக்கெட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு நிமிர்ந்தார். "டெங்கில் ஓகேவா? பணம் கட்டிடவா?"

என் பிள்ளை ஆறு மாதம் ஆசைப்பட்டதை என் பொய்க்காக விடுகிறான். அங்கே போய், உச்சியில் நின்று, மறுபடியும் இறங்கி வரப் போகிறேன். அதற்கு இப்போதே உண்மையைச் சொல்லிவிடுவது மேல் என்று தோன்றியது.

"கட்டாதீங்க," என்றேன். "எனக்கு பயம்."

"என்ன பயம்? அதான் தாலி உள்ளுக்குள்ள பத்திரமா இருக்குமே," என்றாள் ஷாமினி.

"தாலிக்கு ஒண்ணும் ஆகாதுடி. எனக்குத்தான் ஆகும். உசரத்தப் பாத்தாலே வயித்தக் கலக்குது. அன்னைக்கும் பயந்துதான் எறங்கி வந்தேன். கழட்டச் சொன்னது எனக்கு நல்லதாப் போச்சு."

ஷாமினி சிரித்த சிரிப்பில் சோபாவிலிருந்து கீழே விழுந்தாள். கிஷன் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப இத்தன வருஷமா பொய்யா?" என்று கேட்டான். என் காது சுட்டது. ஆமாம் என்றேன். அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப பிஜேக்கே போலாமா?"

அப்போதுதான் எனக்கும் சிரிப்பு வந்தது. இறுக்கமான ரவிக்கையின் ஊக்கைக் கழற்றியதுபோல மூச்சு தாராளமாக வந்தது. பரமேஸ்வரன் பிஜேக்குப் பணத்தைக் கட்டிவிட்டு எழுந்து போய்விட்டார். கோபமோ என்று நினைத்தேன்.

பார்க்கில் பிள்ளைகள் இரண்டும் பெரிய சறுக்கின் படிகளில் ஓடி ஏறின. பின்னாலேயே போன பரமேஸ்வரன், இரண்டு படி ஏறி நின்றார். கைப்பிடியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்தார். பிறகு திரும்பி வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என்னங்க, முதுகு வலிக்குதா?"

"இல்ல." தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும்தான் வள்ளி."

"என்ன உங்களுக்கும்தான்?"

"பயம். ஒவ்வொரு வருஷமும் கண்ண இறுக்க மூடிக்கிட்டுதான் வரேன். பிள்ளைங்க சின்னதுங்க, யாராச்சும் கூடப் போகணும். நீ தாலின்னுட்ட. நான் என்னத்தச் சொல்றது?"

திட்டலாம் என்றுதான் வாயைத் திறந்தேன். ஆனால் எனக்காவது கழுத்தில் ஒரு சாக்கு இருந்தது. இந்த மனுஷனுக்கு அதுகூட இல்லை. நான் மீகூன் சாப்பிட்ட அத்தனை வருஷமும் இவர் அந்தப் படிகளில் ஏறிக்கொண்டிருந்திருக்கிறார்.

மேலே உச்சியிலிருந்து கிஷன், "ப்பா, வாங்க!" என்று கத்தினான்.

"அப்பா வரல! அக்கா கையப் பிடிச்சுக்க!" என்று நான் பதிலுக்குக் கத்தினேன். அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"இனிமே நீங்க ஏற வேணாம்," என்றேன்.

நாற்பத்தெட்டு வயது மனுஷன் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"நெசமாவா?" என்றார்.